கடிக்கிற மீனை வெளியே எடு

என் வாழ்க்கையில் நான் செய்த முதல் சமாதான முயற்சி மூன்றே நாளில் ஒருவரை வீட்டைவிட்டு அனுப்பிவைத்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வங்காளத்தில், கார்டன் ரீச்சில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். நாங்கள் மூன்று பேரும் அதில் ஒருமாதிரி அடங்கியிருந்தபோது, அப்பாவின் தங்கைக்கு சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து அத்தை வந்து சேர்ந்தாள். ஒரு மாதம் என்றுதான் பேச்சு. ஏழாவது மாதம் எனக்கு ஒரு சின்ன மீன்தொட்டி வாங்கித் தந்தாள். அதை வைக்க இடம் வேண்டுமென்று அம்மாவின் தையல் மிஷினை பால்கனிக்குத் தள்ளினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

மீன்களும் அத்தை வாங்கித் தந்தவைதான். பெட்டா என்று பெயர், கடைக்காரர்கள் ஃபைட்டர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவற்றை விற்றவரை வங்காளிப் பிள்ளைகளைப் போல நானும் காகு, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவேன். ஆண் மீன் என்றால் ஒன்றே ஒன்று, பெண் மீன் என்றால் ஐந்தாக வாங்கு என்றார் காகு. இரண்டே இரண்டு இருந்தால் ஒன்று மற்றதை விரட்டியே கொன்றுவிடும், ஐந்து இருந்தால் கோபம் பங்கு பிரிந்துவிடுமாம். எங்கள் வீட்டில் பெரிய பெண்கள் இரண்டே பேர் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து பெண் மீன் வாங்கியும், நாலாம் நாளே நீல மீன் கடித்து மஞ்சள் மீனின் வால் கிழிந்திருந்தது. பாவப்பட்டு அதை ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப விட்டதும் நீல மீன் முன்னைவிட மோசமாகப் பாய்ந்தது. அடுத்த ஞாயிறு காகு தலையில் அடித்துக்கொண்டார். கடி வாங்கியதை எடுத்தால் அது திரும்பி வரும்போது அந்நியமாகிவிடும். கடிக்கிறதைத்தான் வெளியே எடுக்க வேண்டும். அது இல்லாத ஒரு வாரத்தில் கல், செடி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டால் எந்த மூலை யாருடையது என்று எந்த மீனுக்கும் தெரியாது. பிறகு உள்ளே விட்டால் விருந்தாளி மாதிரி ஒழுங்காக இருக்கும் என்றார். அப்படியே செய்தேன். நீலம் திரும்பி வந்து பரம சாதுவாக ஒரு செடியின் பின்னால் நின்றுகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்குள் அம்மாவும் அத்தையும் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. "பாத்ரூம்ல இன்னும் எவ்ளோ நேரம்னு உங்க அத்தைகிட்ட கேளுட்டி" என்பாள் அம்மா. அத்தை பதிலை என்னிடமே சொல்லுவாள். இரண்டு அடி தூரத்துக்கு நான் தபால் சுமந்தேன். ஒருநாள் அத்தை, பாலிகஞ்சில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்திருப்பதாக அப்பாவிடம் சொன்னாள். எனக்கு அழுகை முட்டியது. அத்தைதான் எனக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லித் தருவாள், கதை சொல்லுவாள், பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அவள் போகவே கூடாது.

அன்று ராத்திரி தோசைத் தட்டுக்கு முன்னால் என் திட்டத்தைச் சொன்னேன். நீல மீனுக்குச் செய்த மாதிரியே, அம்மா ஒரு வாரம் தாத்தா வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். அதற்குள் அப்பா கட்டிலையும் பீரோவையும் இடம் மாற்றிவிட வேண்டும். அம்மா திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

"அப்போ நான்தான் கடிக்கேனா?" என்று கேட்டாள் அம்மா.

ஆமாம் என்றேன். பார்த்ததைத்தான் சொன்னேன். அதட்டுகிறவள் அம்மா, கண் கலங்குகிறவள் அத்தை.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இது புள்ள சொல்லுத பேச்சா? நீங்களே சொல்லுங்க."

அத்தை பாதித் தோசையோடு எழுந்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவள் நேராகப் பேசியது அப்போதுதான்: "மதினி, சத்தியமா நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானே யோசித்த திட்டம் அது. நான் எவ்வளவு சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் டாக்ஸி வந்தது. அம்மா பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தாள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே போன் பண்ணச் சொன்னாள். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று பேசினாள். ரெண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள், பிறகு ரெண்டு பேரும் அழுதார்கள். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தும் பேச்சு முடியவில்லை.

நான் ஓடிப்போய் அப்பாவின் சட்டையைப் பிடித்தேன். "அப்பா, டாக்ஸிய போகச் சொல்லுங்க. அதான் ரெண்டு பேரும் பேசிட்டாங்கல்லா. இனி அத்தை எதுக்குப் போகணும்?"

அப்பா பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் மாதிரி அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். அத்தை போகிறாள் என்பதால்தான் அவர்களால் பேசவே முடிந்தது என்பதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அன்று முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.