ஒரு கையால் ஆடும் விளையாட்டுகள்

விளையாட்டுப் பெட்டி சேர்க்கிற தொழிலுக்குக் கையில் காசு இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம். கூச்சம் மட்டும் இருக்கவே கூடாது. கப்பலை விட்டு இறங்கி வருகிறவனை, அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கும் முன்பே தெருமுனையில் மறித்து, விளையாட்டுச் சாமான் ஏதும் கொண்டுவந்தாயா என்று கேட்கத் தெரிய வேண்டும். ஐம்பது வயதில், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு, நான் அதைக் கற்றுக்கொண்டேன். இல்லாத காசில் ஏதோ ஒன்றைச் சேர்க்கப் பாடுபட்டவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது.

பொட்டு வண்டி

என் மகன் மிக்கேல் தோணியில் வேலை பார்த்தான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகிற பாய்மரத் தோணி. ஒரு நாள் மூட்டை தூக்குகிற கயிறு அறுந்து, மூட்டைகளோடு அவனும் அடித்தட்டில் போய் விழுந்தான். உயிர் தங்கியது. இரண்டு காலும் வலது கையும் அசைவில்லாமல் போயின. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான். எங்கள் முகத்தை மட்டும் பார்க்கமாட்டான். ஆறு மாதம் அந்தச் சுவரோடுதான் அவனுக்கு வாழ்க்கை. எழுந்து நடக்க வேண்டும் என்றெல்லாம் நான் மாதாவிடம் கேட்கவில்லை. பிள்ளை இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் போதும் என்றுதான் கேட்டேன்.

அவனோடு படித்த அந்தோனி வெளிநாட்டுக் கப்பலில் இருந்தான். லீவில் வந்தபோது சிங்கப்பூரில் வாங்கிய ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தான். அதற்குள் சிவப்புப் பொட்டுகள் ஓடும். ஒரு பொட்டு நம்முடைய கார். மற்ற பொட்டுகளில் இடிக்காமல் ஓட்ட வேண்டும். இப்போது வீடியோ கேம் என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் அதற்குப் பொட்டு விளையாட்டு என்றுதான் பெயர். அந்தோனி கட்டிலில் உட்கார்ந்து ஆடினான். ஆடினான் என்பதைவிட இடித்தான் என்பதே சரி. ஒவ்வொரு இடிக்கும் பெட்டி கத்தியது. வேண்டுமென்றே இடித்தானோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. பத்துத் தடவை கத்தியிருக்கும், மிக்கேல் மெதுவாகத் தலையைத் திருப்பினான். இடது கையை நீட்டினான்.

"கொண்டா ஏலே இங்கன. கார் ஓட்டுத லெச்சணத்தப் பாரு."

மாப்பிள்ளைச் சோதனை

ஒரு பெட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு மாதத்தில் அவன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்தான். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவானோ என்று எனக்குப் பயம் வந்தது. இன்னொன்று வேண்டும், அப்புறம் இன்னொன்று வேண்டும். வாங்க வழி? எலுமிச்சை ஊறுகாயும் மாசிக் கருவாட்டுப் பொடியும் நான் நன்றாகச் செய்வேன். கப்பலுக்குப் போகிறவர்களுக்கு அது உயிர். ஒரு டின் பொடி கொடுத்து அவர்கள் ஆடி அலுத்த பெட்டியை வாங்கிக்கொள்வேன். வாங்கியதை முன்னறையில் வைத்துக் கால் மணி, அரை மணி என்று வாடகைக்கு விட்டேன். கப்பலுக்குக் காத்திருக்கும் ஆட்கள், துறைமுக ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். பேட்டரிச் செலவுக்கு ஆயிற்று, மிக்கேலுக்குப் பேச்சுத் துணையும் ஆயிற்று.

ஆனால் பெட்டி வாங்குவதில் எனக்கு ஒரே ஒரு சட்டம்: இடது கையால் மட்டும் ஆட முடிய வேண்டும். பெரும்பாலான பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பொத்தான், அந்தப் பக்கம் ஒரு பொத்தான் வைத்திருப்பான். கடற்கரை ரோட்டில் கப்பல் சாமான் விற்கிற அண்ணாச்சி கடைக்குப் போய், வலது கையை முதுகுக்குப் பின்னால் முந்தானையில் சுருட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இடது கையால் அமுக்கிப் பார்ப்பேன். பளபளவென்று ஒரு கால்பந்துப் பெட்டி இருந்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். இரண்டு கை வேண்டும் என்று வைத்துவிட்டேன். மூலை உடைந்து, எழுத்து அழிந்து கிடந்த ஒன்றை எடுத்தேன். யாருக்காக என்று அவரிடம் நான் சொன்னதில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, விளையாட்டுச் சாமான் வாங்குதியளா, மாப்பிள பாக்குதியளா? அழகா இருக்கவன வேண்டாங்கிய, மூக்கு ஒடஞ்சவனக் கூட்டிட்டுப் போறிய."

சைவக் கார்

பேட்டரி தீர்ந்தால் தூக்கிப் போடுவது பணக்காரர் வழக்கம். நாங்கள் வெயிலில் காயவைப்போம். ஒரு பகல் காய்ந்தால் இன்னும் அரை மணி உயிர் வரும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயில் நன்றாக விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அதில் ஏற்கெனவே சாளைக் கருவாடு காய்ந்துகொண்டிருக்கும். நான் என்ன செய்ய? ஒரே பாயில் இரண்டையும் பரப்பிவிடுவேன். காக்கை விரட்டுகிற வேலையும் ஒன்றாகப் போய்விடும்.

துறைமுக ஆபீஸ் கிளார்க் ஒருவர் தவறாமல் வருவார். ஆற்றங்கரை ஊர்க்காரர், சுத்த சைவம். அன்றைக்குக் கார் பெட்டியை வாங்கி முகத்தருகே வைத்து ஆடியவர் மூக்கைச் சுளித்தார். பெட்டியை முகர்ந்தார், கையை முகர்ந்தார், பக்கத்தில் இருந்தவரையும் முகர்ந்தார். பெட்டிக்குள் பேட்டரி சூடாகிச் சாளை மணக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. பெட்டியைத் தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு, அரை மணியையும் முழுதாக ஆடிவிட்டுத்தான் எழுந்தார். போகும்போது அவர் சொன்னதைக் கேட்டு மிக்கேல் சத்தமாகச் சிரித்தான். அடிபட்டதற்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் சைவம். உங்க காரு மட்டும் அசைவமா ஓடுது."

எண்ணெய் வைத்தியம்

வீட்டுக்கு எடுத்துப்போக யாருக்கும் கொடுப்பதில்லை என்றுதான் வைத்திருந்தேன். ஒரு தோணிக்காரர், கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆனவர், பெண்டாட்டிக்குக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினார். கொடுத்தது மிக்கேலுக்கு ரொம்பப் பிடித்த பெட்டி, அந்த முதல் கார் பெட்டி. போகிற வழியில் தோணியை ஒரு எட்டுப் பார்க்கலாம் என்று, அதை மடியில் செருகிக்கொண்டு அவர் படகுக்குத் தாவும்போது அது கடலில் விழுந்துவிட்டது. குதித்து எடுத்துவிட்டார். அதன் பிறகு செய்ததுதான் விசேஷம்.

எங்கள் கடற்கரையில் இரும்புச் சாமான் எது உப்புத் தண்ணீரில் விழுந்தாலும் செய்கிற முறை ஒன்று உண்டு: உடனே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவிட வேண்டும். இல்லையென்றால் உப்பு தின்றுவிடும். அவர் தொழில் தெரிந்த மனிதர், முறை தவறவில்லை. பெட்டியைத் திறந்து, இரண்டு குடம் நல்ல தண்ணீரில் முக்கிக் கழுவி, காயவைத்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பிகளுக்கெல்லாம் கோழி இறகால் விளக்கெண்ணெய் தடவி, மூடிக் கொண்டுவந்தார். பொத்தானை அமுக்கினோம். எண்ணெய் வழிந்தது, பொட்டு வரவில்லை. மிக்கேல் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். இரண்டு நாள் அப்படியே கிடந்தான். அந்த இரண்டு நாளும் நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையாகச் சொல்ல வேண்டிய மறையுண்மைகளை மாற்றி மாற்றிச் சொன்னேன். தோணிக்காரர் பாவம், என் முகம் ஏன் வாடுகிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. பெட்டியைத் தட்டித் தட்டித் தைரியம் சொன்னார்.

"கவலப்படாதிய அக்கா. இனி நூறு வருசத்துக்கு இது துருப்பிடிக்காது."

திரை இல்லாத பெட்டி

அடுத்த லீவில் அந்தோனி கொண்டுவந்தது பெரிய பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர், வயர் நுனியில் ஒவ்வொரு குமிழ். டி.வி.யில் மாட்டி ஆடுகிற டென்னிஸ் விளையாட்டாம். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு குமிழைத் திருகினால் திரையில் இரண்டு கோடுகள் மேலும் கீழும் ஓடிப் பந்தை அடிக்கும். ஒரு கை போதும். எல்லாம் சரி, எங்கள் ஊரில் அப்போது டி.வி. ஏது? நான் அந்தோனியைக் கோபித்துக்கொண்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு கைக்குத் தோதான சாமான் கண்ணில் பட்டால் வேறு யோசனை ஓடமாட்டேன் என்கிறது அம்மா என்றான்.

ஒரு நாள் மத்தியானம் அறைக்குள் போகிறேன், மிக்கேல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். மறுபடியும் போய்விட்டானே என்று பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். இடது கையில் அந்தக் குமிழ். எதிலும் மாட்டாத வயர் கட்டிலுக்குக் கீழே தொங்குகிறது. குமிழை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருந்தான்.

"சுவத்துல பந்து வருதும்மா. பேசாம இரு, விட்டுருவேன்."

முதலாளி வீடு

கொழும்பில் டி.வி. தொடங்கினார்கள். நல்ல உயரமாகக் கம்பம் நட்டால் நம் ஊரிலும் படம் தெரியும் என்று பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் முதலில் கம்பம் நட்டது மிக்கேல் வேலை பார்த்த தோணியின் முதலாளி. அடிபட்டபோது ஆஸ்பத்திரிச் செலவை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்; அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் பக்க வாசல் வழியாகப் போய்விடுவார். எனக்கும் அவர்மேல் வருத்தம் இருந்தது. செபத்தில், பிறர் குற்றங்களை நாங்கள் பொறுப்பதுபோல என்று சொல்ல வருகையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டு வாசலில்தான் நான் போய் நிற்க வேண்டும். மூன்று தடவை பாதி வழி போய்த் திரும்பினேன். நான்காவது தடவை, பூசை முடிந்ததும் பக்க வாசலில் போய் நின்று, மிக்கேலின் பெட்டியை உங்கள் டி.வி.யில் மாட்டி ஆட விடவேண்டும் என்று சொன்னேன். தரையைப் பார்த்தபடியே, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அந்த ஞாயிறு மத்தியானம் நான்கு பேர் மிக்கேலை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். அந்தோனி வயரை மாட்டினான். சுவரில் வந்த பந்து கடைசியில் திரையில் வந்தது. எதிர்க் குமிழை யார் பிடிப்பது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஆடினார்கள். முதலாளி தோற்றார், மறுபடியும் தோற்றார். மிக்கேல் குமிழை மடியில் வைத்துவிட்டான். முதலாளி வேண்டுமென்றே விடுகிறார், இப்படி ஆடுவதானால் என்னை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று மரியாதையாகவே சொன்னான். அப்புறம் அவர் மெய்யாகவே ஆடினார். இவனும் விடவில்லை. பந்து இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருந்தது.

பாதி ஆட்டத்தில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே முதலாளி பேசினார். அந்தக் கயிறு பழசு என்று தண்டல் இரண்டு தடவை சொல்லியிருந்தானாம், தோணியை நடத்துகிறவன் அவன்தானே. இன்னும் ஒரு நடை போகட்டும் என்று இவர்தான் சொன்னாராம். கண்ணைத் துடைக்கக் கையெடுத்தார். மிக்கேலைப் பார்த்தேன். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன், தாய்க்குத் தெரியாதா? ஆனால் அவன் கை குமிழை விடவில்லை.

"பந்து வருது முதலாளி. அங்க பாருங்க."

எதிர்க் குமிழ்

அதற்குப் பிறகு பத்து மாதம், பெட்டி அவர் வீட்டிலேயே இருக்க, ஞாயிறு தவறாமல் ஆட்டம் நடந்தது. அந்தக் கயிற்றைப் பற்றி இரண்டு பேரும் மறுபடி பேசியதில்லை. யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் வீட்டுக்கு வந்து சொல்வான். ஐப்பசி மழையில் மிக்கேலுக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையில் கிடந்த உடம்பு, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஒன்பது நாள் போராடினான். கடைசிவரைக்கும் இந்தப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தான். நான் கேட்டதை மாதா கொடுத்தாள். கூட இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார், முதன்முதலாக. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை. கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வாசற்படியில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டார்.

"எதுத்தாப்புல குமிழு சும்மா கெடக்கும்மா. ஞாயித்துக்கிழம நீங்க வாரியளா?"

போனேன். ஆக, ஊரிலுள்ள பெட்டிகளை எல்லாம் அமுக்கிப் பார்த்து வாங்கிச் சேர்த்துவிட்டு, அதில் ஒன்றைக்கூட ஆடத் தெரியாமல், அந்த மனிதரிடம் வாராவாரம் தோற்றுவிட்டு வருகிற வியாபாரி இந்தக் கடற்கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.