நான்கு கற்படுக்கைகள்

செஞ்சியில் கடலை மண்டி வைத்திருந்த தர்மநாத நயினார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம் ஒரு காலையில் மண்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சமண முனிவர்களோடு நடந்து போய்விட்டார். துறவு கொள்ள மனைவி சம்மதிக்க வேண்டும். ஜெயமாலா சம்மதித்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. குழந்தை இல்லை.

அவர்கள் தெருவிலேயே வளர்ந்த நான், வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அறுபத்து நான்கில் திரும்பினேன். வந்த வாரமே, ஒரு மனு எழுதித் தரச் சொல்லி ஜெயமாலா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊருக்கு வெளியே கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் கிடக்கும் பாறையை ஜல்லி உடைக்கக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதன் குடைவில் நான்கு கற்படுக்கைகள் உண்டு. எந்தக் காலத்திலோ முனிவர்கள் படுப்பதற்காகச் செதுக்கியவை. தலைப்பக்கம் கல்லே தலையணையாகச் சற்று உயர்ந்திருக்கும்.

"பழசுன்னு எழுது. ஊருக்குப் பொதுன்னு எழுது."

"உங்களுக்கு எதுக்கு வேணும்னு எழுதட்டுமா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு காரணத்தைச் சொன்னார். ஆடி வாக்கில் தொடங்கும் மழைக்கால நான்கு மாதமும் முனிவர்கள் பயணம் போவதில்லை. புழு பூச்சி மிதிபடும் என்று ஒரே இடத்தில் தங்கிவிடுவார்கள். ஏதாவது ஒரு மழைக்கு நயினார் இந்தப் பக்கம் வரலாம். வந்தால் தங்க அந்தப் பாறை இருக்க வேண்டும்.

"இத எழுதிடாத, சிரிப்பாங்க," என்றார். பிறகு, "நீ திரும்பி வந்துட்டியே, எது உன்ன இழுத்துச்சு? சொன்னா அதையும் செஞ்சு வெப்பேன்."

நான் மனுவின் முதல் வரியை எழுத ஆரம்பித்தேன்.

மனு போன பிறகும் உடைப்பு நிற்கவில்லை. ஜெயமாலா தினமும் போய்ப் படுக்கைகளின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பாறையின் மறுபக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த கன்னியப்பன் வெடி வைக்கும் நேரத்தில் சுற்றிக்கொண்டு வருவார்.

"எழுந்திரிங்கம்மா. திரி வெக்கணும்."

"வெச்சிக்கோ. நான் நேரா மேல போயிடறேன்."

"நீங்க மேல போயிடுவீங்க. நான் ஜெயிலுக்கு இல்ல போவணும்."

திரியைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, அன்றும் சம்மட்டியாலேயே உடைப்பார்.

பாறையைப் பார்க்கத் தாசில்தார் வருவதாகச் செய்தி வந்தது. பெரிய மனிதர் வரும் இடத்தை அழுக்காக விடக் கூடாது என்று, முதல் நாள் ஜெயமாலா இரண்டு குடம் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போனார். நான்கு படுக்கைகளுக்கும் வெள்ளையடித்து, ஓரத்தில் காவிப் பட்டையும் தீட்டிவிட்டார். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது வெயிலில் கண் கூசியது.

தாசில்தார் மனுவையும் படுக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழசுன்னு போட்டிருக்கு. இது போன வருஷம் கட்டின மேடை மாதிரி இல்ல இருக்கு?"

"பழசுதாங்க. நான்தான் நேத்து பூசினேன்," என்றார் ஜெயமாலா. அவர் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க." தாசில்தார் ஜீப்பை நோக்கித் திரும்பினார்.

கன்னியப்பன் தன் குடிதண்ணீர்ப் பானையோடு வந்தார். ஒரு படுக்கையின் மேல் முழுவதையும் கவிழ்த்து, தலைத்துண்டால் அழுத்தித் தேய்த்தார். சுண்ணாம்பு பாலாக ஓடியது.

"சார், இங்க கைய வைங்க. என் உளி பட்ட எடத்தத் தொட்டா கையக் கிழிக்கும். இது எத்தினி பேரு முதுகு பட்டு வழவழன்னு ஆயிருக்குது பாருங்க."

தாசில்தார் கையை வைத்தார். சற்று நேரம் எடுக்கவில்லை.

வைகாசியில் குத்தகை ரத்தானது. கன்னியப்பனுக்கு வல்லம் பக்கம் வேறு பாறையில் வேலை கிடைத்தது. தினம் போக ஆறு மைல், வர ஆறு மைல். அதற்கு முன், இந்தப் பாறையை யாரும் உடைக்காதபடி சுற்றி எல்லைக்கல் நடும் வேலையும் அவருக்கே வந்தது. பாறை யாருக்காக என்பது இதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. கடைசிக் கல்லுக்குக் குழி தோண்டியபடி ஜெயமாலாவிடம் கேட்டார்:

"நைனாரு வந்தா உங்ககிட்ட பேசுவாரா?"

"பேச மாட்டார். பேசக் கூடாது."

"உங்களத் தெரிஞ்ச மாதிரியாவது காட்டிக்குவாரா?"

"அதுவும் கூடாது."

"இதுக்கா என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்க?"

"பானையக் கவுத்தவன் நீதானே."

கன்னியப்பன் சிரித்துக்கொண்டே மண்ணை மிதித்து இறுக்கினார். ஜெயமாலா அருகில் வந்தார்.

"வல்லம் ரோட்டுலதானே போற? நம்ம மடம் இருக்கற சித்தாமூர்லேருந்து வர்ற முனிவருங்க அந்த வழியாத்தான் வருவாங்க. பார்த்தா வந்து சொல்லு."

"எல்லாரும் ஒரே மாதிரி இல்ல இருப்பாங்க? எப்படிம்மா தெரியும்?"

"எல்லாரும் தரையப் பார்த்துத்தான் நடப்பாங்க. யாராவது ஒருத்தர் நின்னு, தலையத் தூக்கி நம்ம மலைங்களப் பார்த்தா, அது அவருதான்."

அந்த ஆடி முழுவதும் பொழுது சாயும் நேரத்தில் கன்னியப்பன் ஜெயமாலாவின் வாசலில் நிற்பார். "இன்னிக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் தெருவுக்குப் போவார்.