திரும்பி வந்த நீலம்

ரவாங்கில் ராசிக்கல் விற்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

போன வருடம் கோலாலம்பூரில் நடந்த பெரிய ரத்தினக்கல் கண்காட்சியில் கடை போட்டிருந்தேன். புக்கிட் பெருந்துங்கிலிருந்து வந்த ஓர் அக்கா, லோரி ஓட்டும் தன் வீட்டுக்காரருக்கு நீலக்கல் மோதிரம் எடுத்தார். நீலத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர் எடுத்தது இரண்டு வீடுகளிலிருந்து திரும்பி வந்த கல்.

“யாராச்சும் திருப்பிக் குடுத்த கல்லா, தம்பி?”

“இல்லலா அக்கா, புதுசு.”

இந்த வருடமும் அதே மண்டபத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை. திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். மோதிரத்தை மேசைமேல் வைத்தார்.

“அவர் விரல்லேருந்து கழட்டினது. இப்ப மகன்தான் லோரி ஓட்டுறான். அவன் அளவுக்குச் சின்னதாக்கிக் குடுங்க. மூணு நாள் வச்சுப் பாக்கணுமான்னு கேட்டான். தேவையில்ல, கடைக்காரத் தம்பி பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டேன்.”

வாங்கி வைத்துக்கொண்டேன்.

அரை மணி நேர வேலை. மோதிரம் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. அவர் போன் செய்யும்போதெல்லாம், “அடுத்த வாரம்க்கா” என்கிறேன்.

இப்போதும் எனக்கு ராசிக்கல்லில் நம்பிக்கை கிடையாது. அந்த டிராயரை மட்டும் நான் திறப்பதில்லை.