புளி விட்ட தவக்காலம்

செங்காய்ப் புளியின் ஓட்டை உடைத்தால் உள்ளே பாதி பச்சையும் பாதி சிவப்புமாக இருக்கும். அதைக் கல்லுப்பில் தொட்டு நாக்கில் வைத்ததும் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும், காதுக்குக் கீழே சுரீரென்று இழுக்கும், அப்புறம் நாள் முழுக்கப் பல் கூசிக்கொண்டே இருக்கும். ஜவ்வாது மலையில் நான் வளர்ந்த ஊரில் மிட்டாய்க் கடை கிடையாது. சாக்லேட் என்பது யாராவது போளூருக்கு இறங்கிப் போய்வந்தால் மட்டும் கண்ணில் படுகிற பொருள். ஆகவே மாசியிலும் பங்குனியிலும் மரத்துக்கு மரம் தொங்கிய புளிதான் எங்களுக்கு மிட்டாய், மிக்சர், ஐஸ் எல்லாமும். அந்தப் புளியைத்தான் ஓர் ஆண்டு நான் ஏசுநாதருக்காக விட்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. சாமை விதைத்தும் புளி உலுக்கியும் பிழைத்த குடும்பம். படிப்புக்காக என்னைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்த்திருந்தார்கள். அங்கே என்னைப்போல மலைப் பிள்ளைகளும், அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்த கிறிஸ்தவப் பிள்ளைகளும் கலந்து இருந்தோம். ஜெசிந்தா என் பக்கத்துப் பாய்க்காரி. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தவள், ஈஸ்டர் வரைக்கும் டீயில் சர்க்கரை கிடையாது என்று அறிவித்தாள். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலமாம், அதில் பிடித்த ஒன்றை விட வேண்டுமாம். விடுதியைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, உங்களுக்கெல்லாம் இது கட்டாயம் இல்லை கண்ணுங்களா என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா?

அன்று சாயங்காலத்துக்குள் மலைப் பிள்ளைகள் எல்லாரும் எதையாவது விட்டிருந்தார்கள். ஒருத்தி மீனை விட்டாள். விடுதியில் மீன் சமைத்ததே இல்லை. இன்னொருத்தி வீட்டுக்கணக்குப் போடுவதை விடுவதாகச் சொல்லி சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஜெசிந்தா நீதிபதிபோல உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தாள். "எது இல்லைனா உனுக்கு அழுகை வருமோ, அத்த வுடணும்" என்பது அவள் தீர்ப்பு. நான் பாவாடை மடிப்பில் வைத்திருந்த புளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

மறுநாள் மதியமே சிக்கல் வந்துவிட்டது. குழம்பில் கரைத்த புளி புளியா, இல்லையா? தட்டை வைத்துக்கொண்டு பெரிய வழக்கே நடந்தது. புளி எந்த வேஷத்தில் வந்தாலும் புளிதான் என்று நானே வீம்பாக முடிவுகட்டி, வெறும் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டேன். சமையல் செய்த கண்ணம்மாக்கா, "என் கொழம்புக்கு இன்னா கொறச்சல்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் இரண்டொரு நாளில் தக்காளியை மட்டும் நசுக்கிப்போட்ட ரசம் ஒரு சின்னக் கிண்ணத்தில், ஒன்றும் தெரியாததுபோல, என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தது.

இப்படி வீராப்பாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நைனா விடுதி வாசலில் வந்து நின்றார். நைனா என்றால் என் அப்பா. மறுநாள் மரம் உலுக்கப் போகிறோம், பிள்ளையை அனுப்புங்க என்று சிஸ்டரிடம் கேட்டு என்னை அழைத்துப் போனார். அப்போதுதான் எனக்கு முதல் பழம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உலுக்குவதற்கு முன்னால் முதல் பழத்தை வீட்டின் கடைசிப் பெண் வாயில் போட்டு, மரத்தைப் பார்த்து "இனிக்குது" என்று சொல்ல வேண்டும். எவ்வளவு புளித்தாலும் முகத்தைச் சுளிக்காமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும் என்பார்கள். எனக்கு முன்னால் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கல்யாணமாகிப் போனபின் அந்தப் பதவி எனக்கு வந்தது. வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான் அந்தப் பழம், வந்த பெண்ணுக்கு இல்லை. அதனால் அம்மா எப்போதும் மரத்தடியில் படுதாவை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓரமாகத்தான் நிற்பாள்.

காலையில் எல்லாரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள். கிழக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பட்டால் ஓட்டுக்குள் ஈரம் இறங்கி அத்தனை பழமும் கறுத்துப்போகும். அந்த ஆண்டின் பாடு முழுதும் அந்த மரங்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நைனா பழத்தை உடைத்து நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "இன்னாடி இது, அது நம்ம சாமியா?" என்று படுதாவைக் கீழே போட்டுவிட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள். பெரியப்பா வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு சுளைதானே, தின்றுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. தின்றால் ஜெசிந்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது? தின்னாவிட்டால் இத்தனை பேரும் மழையில் நிற்கப்போகிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நைனா குனிந்து என்னிடம் கேட்டார். "வுடச் சொல்லி யார்னா கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

"கேக்காமலே குட்த்துட்டியா? அப்போ அத்தத் திருப்பி வாங்கக் கூடாது" என்றார்.

அப்புறம் நிமிர்ந்து, கையிலிருந்த பழத்தை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. வூட்டு மருமகள் முதல் பழத்தை வாயில் வைப்பதா என்று பெரியப்பா இழுத்தார். நைனா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவளும் ஒரு வூட்டுக்குக் கடைசிப் பொண்ணுதாண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பழத்தை வாங்கி வாயில் போட்டாள். என் காதைத் திருகிய அதே அம்மாவின் கண் நிறைந்து வழிந்ததைப் பார்த்து, புளிப்பு ஏறிவிட்டது என்று நான் நினைத்தேன். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்து "இனிக்குது" என்றாள். நானும் சொல்லியிருக்கிறேன், அத்தையும் சொல்லியிருக்கிறார். அம்மா சொன்னதுபோல யாரும் சொன்னதில்லை. மழை வருவதற்குள் முக்கால்வாசி மரங்களை உலுக்கி முடித்தார்கள். மிச்சம் கறுத்துத்தான் போனது. அதைப்பற்றி யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வோர் ஆண்டும் மற்றவர்கள் எதை எதையோ மாற்றி மாற்றி விட்டார்கள். நான் மட்டும் புளியையே விட்டேன். சிஸ்டர் என் பக்தியை மெச்சினார். பக்தியெல்லாம் இல்லை. நான் விட்டால்தானே அம்மாவுக்குக் கிடைக்கும்? விடுதியை விட்டு வரும்வரை முதல் பழம் அம்மாவுடையதாகவே இருந்தது.

இப்போது நான் திருப்பத்தூரில் வேலை பார்க்கிறேன். நைனா போய்விட்டார். மரங்களைக் குத்தகைக்கு விட்டாயிற்று. குத்தகைக்காரரின் ஆட்கள் வேனில் வந்து இறங்கி, உலுக்கி, மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மரத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்வதில்லை. அம்மா மட்டும் மலையைவிட்டு இறங்க மாட்டேன் என்று தனியாக அங்கே இருக்கிறாள். வேலை, வீடு, பிள்ளைகள் என்று நான் அவளைப் போய்ப் பார்ப்பது பொங்கலுக்குப் பொங்கல் என்றாகிவிட்டது.

ஜெசிந்தா இன்றைக்கும் சாம்பல் புதனன்று போன் செய்து, இந்த வருஷம் எதை விடப்போகிறாய் என்று கேட்பாள். இந்த ஆண்டு நான் எதையும் விடவில்லை, ஒன்றைப் பிடித்துக்கொள்ளப்போகிறேன் என்றேன். தவக்காலம் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைக்குப் போய் அம்மாவோடு இருப்பது என்று முடிவு செய்திருந்தேன். நல்ல பழக்கம் என்று அவளும் பாராட்டினாள்.

முதல் ஞாயிறு போனேன். ஈஸ்டர் வரைக்கும் வாராவாரம் வருவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்திவிட்டு, கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"அது வந்துட்டா, அப்பறம் வரமாட்டியா?"

அன்று மாலை பஸ்ஸுக்கு நான் கிளம்பவில்லை.