ஞானதாஸ் ஓகே செய்த ஐசி

நாகல் நகரில் மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு செய்யும் எங்கள் பட்டறையில், ஞானதாஸ் அண்ணன் ஓகே முத்திரை குத்தாமல் ஒரு போர்டும் வாசலைத் தாண்டாது. நான் தமிழ்நிலா, அங்கே சால்டரிங் வைக்கிறவள். நாள் முழுக்க நான் குனிந்து ஒட்டியதை அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். இருபது வருடமாக அந்தப் பிதுக்கலுக்குத்தான் சம்பளம் வாங்குகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

போர்டின் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. கரண்ட் போய்த் திரும்பினால் முதல் ஒரு நிமிடம் தள்ளாடும். அதுவரை மோட்டாரை ஓடவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை அளக்க அண்ணன் கடிகாரம் பார்ப்பதில்லை. ‘அருள் நிறைந்த மரியே’ ஆறு தடவை சொல்வார். ஆறாவது ஆமெனுக்குப் போர்டில் விளக்கு எரிந்தால் முத்திரை விழும். தெருவில் ஜெபமாலை சொல்லும்போது தன் வேகத்துக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள் என்பார். என் செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது என்றேன். சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவருக்கு மட்டும் மூச்சு தீரவே தீராது போல.

போன சித்திரையில், போர்டில் அந்த நேரத்தைப் பிடிக்கும் சிப்பான ஐசி வழக்கமான கம்பெனியில் கிடைக்கவில்லை. முதலாளி ஆண்டனிராஜ் வேறு கம்பெனி ஐசி கொண்டுவந்தார். அதே நம்பர், அதே பதினான்கு கால், அதே சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் நம்பர் ஒன்றாக இருந்தாலும், எந்த வோல்டேஜில் அது மாறும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் வேறுபடும். அதனால் காத்திருக்கும் நேரமும் மாறும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா என்று பார்த்துச் சொல்வது அண்ணன் பொறுப்பு.

அவர் பார்த்தது மதியம் ஒன்றரைக்கு. பிரியாணிப் பொட்டலம் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. மாதா பெயர் மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது, மற்றதெல்லாம் ஒரே ஓட்டம். ஆறாவது ஆமெனுக்கு விளக்கு எரிந்தது. நான் சிரித்தேனே தவிர, தடுக்கவில்லை. எனக்கும் பசி. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மூன்றாம் வாரம் பாலசமுத்திரத்திலிருந்து பொம்மையன் என்ற விவசாயி போன் செய்தார். கரண்ட் வந்ததும் மோட்டார் அவசரமாகக் கிளம்பிக் காயில் கருகிவிட்டதாம். அதே புது ஐசி போட்டு மிச்சமிருந்த ஒரு போர்டை நான் ஸ்டாப்வாட்சில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது நொடி. ஐசி டூப்ளிகேட் என்று சொல்லிவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார் முதலாளி. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. உண்மையைச் சொன்னால் அண்ணன் முத்திரையை இனி எவர் நம்புவார்?

பழைய கம்பெனி ஐசி ஒன்றைத் தேடிப் போட்ட போர்டோடு நானும் அவரும் பழனி பஸ் ஏறினோம். புதிதாகக் காயில் கட்டிய மோட்டாரைக் கிணற்றில் இறக்கியிருந்தார்கள். வெள்ளரிக் கொடி வாடிக் கிடந்தது. நான் டூப்ளிகேட் கதைக்கு வாயைத் திறக்கும் முன் அண்ணன் முந்திக்கொண்டார்.

“ஐசி மேல தப்பில்ல. பசியில நான்தான் ஜெபத்த வேகமாச் சொல்லிட்டேன்.”

மோட்டாருக்கும் ஜெபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பொம்மையனுக்கு விளங்கவே செத்த நேரம் ஆனது. விளங்கியதும், இப்போது சரியாகச் சொல்லிக் காட்டச் சொன்னார்.

கொண்டுபோன போர்டை மாட்டி, மெயினை அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். அண்ணன் கைகட்டி ஆரம்பித்தார். பயத்தில் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னார். நாலாவது முடிவதற்குள் மோட்டார் ஓடிவிட்டது.

“ஏனுங்க, இதுவும் கெட்ட போர்டுங்களா?” என்றார் பொம்மையன்.

நான் செல்போனைக் காட்டினேன். அறுபத்தொரு நொடி. போர்டில் ஒரு குறையும் இல்லை. பொம்மையன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார். அண்ணன் மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருபது வருசமா நான் எதத் தாயி ஓகே பண்ணுனேன்?”

தினமும் அவரைக் கேலி பேசியவள் நான். அன்று ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, செல்போனை அவர் கையில் கொடுத்தேன்.