டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆரஞ்சு வாசனை

சென்ட் கடைப் பெண்ணுக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் அதுவரை வாய்த்ததில்லை. அட்டைத் துண்டில் சென்ட்டை அடித்து மூக்குக்கு நேரே நீட்டினால், "முன்னாடி நின்னா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தோளுக்குப் பின்னாடி வந்து நில்லு" என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்க்கிறார். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். டெப்போவில் அவருக்குக் 'கடிவாளம்' என்று பெயர். வண்டியில் கைகலப்பே நடந்தாலும் மனிதர் கழுத்தைத் திருப்ப மாட்டார். கண்ணாடியில் படிக்கட்டு தெரியும், கூட்டத்தின் தலை தெரியும். சீட்டுக்கு நேர் பின்னால் நிற்பவர் மட்டும் தெரியாது. அதனால் ஆட்களை அவருக்கு மூக்காலும் காதாலும்தான் பழக்கம். இருமல் மிட்டாய் என்றால் கண்டக்டர், பினாயில் என்றால் ஆஸ்பத்திரி ஆயா.

ஒரு கோடையில், மார்க்கெட் முனை ஸ்டாப்பில், "அண்ணே, அண்ணே! கொஞ்சம் நில்லுங்கண்ணே!" என்று ஒரு குரல் ஓடி வந்து ஏறியது. கூடவே ஆரஞ்சுத் தோல் வாசனை. எஞ்சின் மூடி காலைச் சுடும் நேரம், டீசல் புகை வேறு. அதற்கு நடுவில் அந்த வாசனை முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. அந்தக் குரல் வழியெல்லாம் பேசும். தையல் கடை முதலாளியின் மீசை, வாடகை வீட்டுக் குழாயில் வராத தண்ணீர் என்று ஒன்றையும் விடாது. இவர் ரோட்டைப் பார்த்தபடி தனக்குள் சிரிப்பார். அடுத்த கோடைக்குள் ஆள் கவிழ்ந்துவிட்டார். கடைசி ஸ்டாப்பில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார்.

அண்ணே என்று கூப்பிட்டவனையே கட்டிக்கொண்டாள் என்று சொந்தபந்தம் மொத்தமும் கேலி செய்தது. "அவசரத்துல சொன்னதெல்லாம் கணக்குல வராது" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாசனை மட்டும் வரவில்லை. தலைக்கு வைக்கும் எண்ணெயை மாற்றிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கேட்கக் கூச்சம். கேட்காமலே பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் அவளுக்கு முட்டி வலி. வீட்டோடு முடங்கினாள், பேச்சும் முடங்கிவிட்டது. கேட்டதற்கு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. வாய் ஓயாத பெண்டாட்டியோடு காலம் தள்ளியவருக்கு அந்த அமைதி பழகவே இல்லை. அந்தப் பழைய கோடையைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் பேசுவாளோ என்றுதான் சென்ட் கடைக்கு வந்திருந்தார்.

முதலில் எலுமிச்சை. "பாத்திரம் தேய்க்கிற சோப்பும்மா இது." அடுத்தது இனிப்பாக இருந்தது. "காய்ச்சல் சிரப்பு." மூன்றாவதை நீட்டினாள். அவருடைய வலது கால், பிரேக் இருப்பதுபோல், தரையை மெல்ல அழுத்தியது.

"இது வெயில் காலத்துக்குன்னே வந்தது சார். ஆனா பழ வாசனை ரொம்ப நேரம் நிக்காது" என்றாள் கடைப் பெண்.

"நின்னுச்சும்மா" என்றார் அவர்.

வீட்டில், ஜன்னலோரம் முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் மனைவி. கையைப் பிடித்து மணிக்கட்டில் சென்ட்டை அடித்துவிட்டார். அவள் முகர்ந்தாள். கண் விரிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட, இது நம்ம ஜூஸ்காரி வாசனை!"

"யாரு?"

"என்கூட பஸ் ஏறுவாளே! ஜூஸ் கடையில நாள் பூரா ஆரஞ்சு உரிக்கிறவ. வாயே திறக்க மாட்டா. நான் பேசுவேன், அவ தலையாட்டுவா. அவ ஞாபகம் எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மறைக்கத் தெரியாத மனிதர், எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அவள் சிரிப்பு குறைந்து, நின்றது.

"அப்போ அன்னைக்கு நீங்க திரும்பிப் பார்த்தது அவளைத் தேடித்தானா?"

மணிக்கட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பேச வைக்க வந்து, பேச்சையே அடைத்துவிட்டோமே என்று அவர் அவசரமாகக் கேட்டார்.

"அன்னைக்கு அவளும் பஸ்ல இருந்தாளா?"

"எங்க இருந்தா? முதல் மழைக்கே வேலையை விட்டுட்டு அவ அக்கா வீட்டோட போயிட்டா. நீங்க கேட்டது அடுத்த கோடையில."

அவர் யோசித்தார். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒத்துவரவில்லை.

"இல்லையே. அந்த மழைக்காலம் முழுக்க வாசனை வந்துச்சு. உன்னைக் கேட்ட அன்னைக்கும் வந்துச்சு."

"எங்கிருந்து வரும்? நான் தையல் மெஷின் எண்ணெய் நாத்தத்தோடல்ல ஏறுவேன்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ 'அண்ணே'ன்னு கூப்பிட்டா வரும். நீ இறங்கினா போயிடும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைப் பெண் சொன்னது சரிதான், பாட்டில் வாசனை அதற்குள் அறையை விட்டே போயிருந்தது.

"அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க" என்றாள்.

திரும்பினார். எதிரே வெறும் சுவர். முக்காலி நகரும் சத்தம் கேட்டது. வலிக்கும் காலை ஊன்றி அவள் மெல்ல நடந்து வந்து, தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே!"

அவர் திரும்பவில்லை. வலது கால் தரையை அழுத்தியது.

"வருதா?" என்று கேட்டாள்.

"வருது. நீ பேசிக்கிட்டே இரு" என்றார்.