ராசியில்லாத பட்டன்

வீட்டில் அவளுக்கு உடும்பு என்று பெயர். பிடித்தால் விடமாட்டாள். அக்காள் கணவர் நடத்தும் பெயர்ப்பலகைக் கடையில் கணினி அவள் பொறுப்பு. இலவசமாகக் கிடைக்கிறது என்று அத்தான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றியபோது, திட்டிக்கொண்டே அதையும் கற்றுக்கொண்டாள்.

அன்று மருத்துவமனைத் துப்புரவுப் பணிப்பெண் ஒருத்தி வந்து, சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, என்னோடது பிரெஞ்சுப் பேரு, அதுல அந்த e மேல ஒரு சின்னக் கோடு வரணும். ஒவ்வொரு தடவையும் மொட்டையா வருது. இனிமே மொட்டையா வந்தா குத்திக்க மாட்டேன். குத்தலன்னா வேலைக்கு உள்ள விட மாட்டாங்க."

அத்தான் எட்டிப் பார்த்தார். "கூட்டித் துடைக்கிற வேலைக்குக் கோடு எதுக்கும்மா? யாரு படிக்கப் போறா?"

பெரிய டாக்டர் தன் பெயருக்கு மேல் இரண்டு புள்ளி கேட்டபோது, வெளியூருக்கு ஆளனுப்பிச் செய்து வாங்கியவர் இதே அத்தான்தான். எழுத்துக்கு மேல் வைக்கும் கோட்டுக்குக்கூட அந்தஸ்து பார்க்கிறோம். வெட்கமாக இல்லை நமக்கு.

உடும்பு வாக்குவாதம் செய்யவில்லை. அந்த எழுத்தை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டலாமென்றால் காலையிலிருந்து இணையம் இல்லை. கணினியின் அமைப்புகளுக்குள் போய், வலது ஆல்ட் பட்டனை, குறியையும் எழுத்தையும் ஒன்றாக்கும் கூட்டெழுத்துப் பட்டனாகக் குறித்தாள். அதைத் தட்டி, பிறகு ஒற்றை மேற்கோள் குறி, பிறகு e தட்டினால் கோட்டோடு விழ வேண்டும். தட்டினாள். குறி தனியே, எழுத்து தனியே, சண்டைபோட்ட தம்பதி மாதிரி நின்றன.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு," என்றார் அத்தான்.

"பண்ணியாச்சு."

"அப்ப அதுக்கே இஷ்டமில்ல. விடு."

அவளா விடுவாள்? விசைப்பலகையைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். வலது ஆல்ட்டுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு. அமுக்கினாலும் இறங்காது.

"இதை யாரு சொருகினது?"

"தொடாத. ராசியில்லாத பட்டன் அது. ஒருநாள் அமுக்கினேன், கரண்டே போச்சு. நான்தான் அடைச்சு வெச்சேன்."

"அன்னைக்குத் தெருவுக்கே போச்சு அத்தான். தெரு முழுக்கவா இதை அமுக்கினாங்க?"

அவள் அட்டையைப் பிடுங்கியபோது, அத்தான் சுவிட்சு போர்டிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"நான் அமுக்கட்டுமாக்கா? என் ராசி இதுக்கு மேல கெட என்ன இருக்கு," என்றாள் வந்தவள்.

அமுக்கினாள். பிறகு குறி. பிறகு எழுத்து. திரையில் é விழுந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை வார்டில் மேற்பார்வையாளர், "ஏய், இங்க வா," என்றார். அவள் துடைப்பதை நிறுத்தாமல் நெஞ்சிலிருந்த புது வில்லையைக் காட்டினாள்.

"எழுதியிருக்கு சார். படிச்சுக் கூப்பிடுங்க."